பேஜ்மேக்கரை விட்டு இன்டிசைனுக்கு மாறலாமா?

கேள்வி: மயிலாடுதுறையில் ஒரு டிடிபி கடையும் சின்னப் பதிப்பகமும் நடத்துகிறேன். புத்தகப் பக்கம் அமைப்பது 2003இலிருந்து பேஜ்மேக்கர் 7 மென்பொருளில்தான். இதுவரை போட்ட 140 புத்தகங்களும் அதில்தான் இருக்கின்றன. கணினி அடிக்கடி படுத்துக்கொள்கிறது, புதிது வாங்கியாக வேண்டும். வாங்கும்போதே அதே வேலைக்கான இன்டிசைனுக்கு மாறிவிடு என்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமாமே? கடையில் இருக்கும் ஆபரேட்டர் அம்மா இருபது வருஷமாகப் பழைய தட்டச்சு முறையில் அடிப்பவர். மாறலாமா, இப்படியே ஓட்டலாமா?

பதில்:

புதிதாகப் போடும் புத்தகங்களுக்கு மாறுங்கள். பழைய 140ஐயும் மறுபதிப்பு வரும்வரை தொடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலிக்கெல்லாம் அவசரமே இல்லை, பேஜ்மேக்கர் ஓடும்வரை ஓட்டுங்கள். இதுதான் என் முடிவு. ஆனால் இன்டிசைனா வேறொன்றா என்று யோசிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஃபைல்களில் இருக்கும் தமிழ் உண்மையிலேயே தமிழா என்பதுதான் அது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்து வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு நிறுத்தக்குறியும்தான். எம் இருக்கும் இடத்தில் அகரத்தின் படத்தையும், கே இருக்கும் இடத்தில் மகரத்தின் படத்தையும் அந்த எழுத்துரு மாட்டி வைத்திருப்பதால் நம் கண்ணுக்கு அம்மா தெரிகிறாள். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா இல்லை. வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ என்று நாம் வாங்கியவை எல்லாம் ஏறத்தாழ இதே கதை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை ஒரு வரிசையில் அடுக்கியது. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து டேம், டேப் என்று இரண்டு தரங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை, அதாவது உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறையை, தரமாக அறிவித்தது. நம் டிடிபி கடைகளுக்கு அந்தச் சேதி மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. இனி கற்றுக்கொள்ளவும் போவதில்லை. ஆல்டஸ் கம்பெனி 1985இல் மேகின்டாஷுக்காக வெளியிட்ட மென்பொருள் அது. டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற பெயரே அந்தக் கம்பெனியிலிருந்து வந்ததுதான். 1994இல் அடோபி அதை வாங்கியது, 1999இல் இன்டிசைனைக் கொண்டுவந்தது, 2001இல் பேஜ்மேக்கர் 7ஐ வெளியிட்டது, 2004இல் இனி இதில் கை வைப்பதில்லை என்று சொல்லிவிட்டது. நீங்கள் தொடங்கிய மறு வருஷமே அதற்குச் சங்கு ஊதியாகிவிட்டது. அதற்கப்புறமும் அது உழைத்திருக்கிறது என்றால் அது நல்ல மென்பொருள்தான். எனக்கு அதன் மேல் எந்தக் கோபமும் இல்லை.

புதுக் கணினியில் பேஜ்மேக்கர் 7 ஏறுமா என்றால், கொஞ்சம் மல்லுக்கட்டினால் ஏறும். அது 32 பிட் மென்பொருள், 64 பிட் விண்டோஸிலும் ஓடும். தகராறு வருவது அதோடு வைத்திருக்கும் தமிழ் மென்பொருளில். திருட்டு நகலைத் தடுக்கப் பிரிண்டர் போர்ட்டில் செருகும் ‘லாக்’ வைத்த சரக்காக இருந்தால், இப்போதைய கணினியில் அந்தப் போர்ட்டே கிடையாது. 16 பிட் நிறுவியோடு வந்ததாக இருந்தால் 64 பிட் விண்டோஸில் பெரும்பாலும் ஏறாது. பேஜ்மேக்கர் திறக்கும், எழுத்து வராது. கணினி வாங்கப் போகும் முன் உங்கள் லாக்கைக் கையில் எடுத்து அதன் முனை என்ன வகை என்று ஒருமுறை பாருங்கள். பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

யூனிகோடு எதற்கு, அச்சில் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கலாம். அச்சில் ஒன்றுதான். புத்தகம் அச்சோடு நின்றால் நானும் உங்களை மாறச் சொல்ல மாட்டேன். ஆனால் அமேசானின் மின்நூல் சேவையான கிண்டில் 2016 கடைசியில் தமிழுக்கு வந்துவிட்டது. மின்நூல் போடுங்கள் என்று எழுத்தாளர்களே கேட்கிறார்கள். அவர்கள் அனுப்பும் கைப்பிரதியும் யூனிகோடில்தான் வருகிறது. இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வந்த யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி, பேஜ்மேக்கரில் ஓட்டி, மெய்ப்புத் திருத்தி அச்சடிக்கிறீர்கள். பிறகு மின்நூலுக்காகத் திருத்திய பிரதியைத் திரும்ப யூனிகோடாக்குகிறீர்கள். போகும்போது ஒரு தடவை பிழை சேர்கிறது, வரும்போது இன்னொரு தடவை. சந்தா பணத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டு மெய்ப்புக்கான கூலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மாற்றும்போது என்ன ஆகும் என்பதை நான் அடிபட்டே தெரிந்துகொண்டேன். 2011 வாக்கில் ஒரு பதிப்பகத்துக்காக 300 பக்கக் கட்டுரைத் தொகுப்பை மறுபதிப்புக்கு மாற்றிக் கொடுத்தேன். ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி, திரையில் புரட்டிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. பொருளடைவு தயாரிக்க உட்கார்ந்த ஆசிரியர் ‘தலைவர்’ என்று தேடினார். மூன்றே இடம். பக்கத்துக்குப் பக்கம் தலைவர்கள் வரும் புத்தகம் அது. விஷயம் என்னவென்றால், ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்து, ‘தலைவா்’ என்று ஆகியிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. இன்றைக்கும் இணையத்தில் செய்தித்தளங்களில் ‘அமைச்சா்’, ‘அவா்கள்’ என்று ஆயிரக்கணக்கில் இந்தப் பிழை திரிகிறது. நகலெடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நல்லவேளையாக இதற்கு மருந்து எளிது. துணைக்காலுக்கு மேல் புள்ளி என்பது தமிழில் எங்குமே வராது. அதனால் ‘ா்’ எங்கே இருந்தாலும் ‘ர்’ என்று ஒரே அடியாக மாற்றிவிடலாம், தவறாது.

அடுத்ததில்தான் கை சுட்டுக்கொண்டேன். ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்று, அதாவது ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக வந்திருந்தது. பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் இறக்கைக்கும் ளகரத்துக்கும் ஒரே படம். முதல் வெற்றி கொடுத்த தெம்பில் இதையும் மொத்தமாக மாற்றினேன். கௌரவம் சரியானது, மௌனம் சரியானது, தலைப்புப் பக்கத்தில் இருந்த ‘வெளியீடு’ சிதைந்தது. வகரத்தில் ஔகாரம் ஏறி, ஏற ஆள் இல்லாத சுழி ஒரு புள்ளி வட்டத்தின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. வெள்ளம், வெளிச்சம், தெளிவு எல்லாம் போச்சு. அதற்கப்புறம் நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கொம்பை அடுத்த ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ, சுழியோ, காலோ ஏதாவது ஒட்டியிருந்தால் அது ளகரம்தான், கை வைக்காதே. எதுவும் ஒட்டாமல் மொட்டையாக நின்றால் கிட்டத்தட்ட எப்போதும் ஔகாரம். இன்டிசைனில் ‘கிரெப்’ என்று, சொல்லுக்குப் பதில் ஒரு விதியைக் கொடுத்துத் தேடி மாற்றும் வசதி உண்டு, அதில் இதை அப்படியே எழுதலாம். வெள்ளம் தப்பிக்கும், வௌவால் சரியாகும். இந்தக் கிரெப் ஒன்றுக்காகவே இன்டிசைனுக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வதுண்டு.

இன்னும் இரண்டு தொல்லைகள். வரி நிரவும்போது இடைவெளி அசிங்கமாக வந்தால், நாமெல்லாம் சொல்லின் நடுவில் கையாலேயே ஒரு சிறு கோடு போட்டு உடைத்திருப்போம். மாற்றிய பிறகு வரி வேறு இடத்தில் மடங்கும், ‘போராட்-டம்’ என்று கோடு மட்டும் வரிக்கு நடுவில் முழித்துக்கொண்டு நிற்கும். இரண்டாவது, நடுநடுவே ஆங்கில எழுத்துருவில் இருந்த சொற்கள். மாற்றும் கருவிக்கு எழுத்துரு எது என்று தெரியாவிட்டால் ஆங்கிலத்தையும் தமிழாக்கி வைத்துவிடும். பாமினி போன்றவற்றில் இது நிச்சயம். அதனால் பேஜ்மேக்கரிலிருந்து வெறும் உரையாக எடுக்காமல் ஆர்டிஎஃப் ஆக எடுங்கள், எழுத்துருப் பெயர் கூடவே வரும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போல இலவசக் கருவிகள் இருக்கின்றன, பழைய குறியாக்கங்கள் பலவற்றையும் அறியும்.

‘பி.எம்.டி. ஃபைலை, அதாவது பேஜ்மேக்கர் ஃபைலை, இன்டிசைன் நேராகத் திறக்குமே’ என்று யாராவது சொல்வார்கள். சிஎஸ்6 என்ற பதிப்பு வரை திறந்தது, அதற்குப் பின் வந்தவற்றில் அந்த வசதி இல்லை. திறந்த காலத்திலும் பக்க அமைப்பு வந்ததே தவிர தமிழ் பழைய குறியாக்கத்திலேயேதான் வந்தது. லிப்ரே ஆபீஸ் டிராவும் பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்கும், அதுவும் இலவசமாக. பழைய ஃபைலில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அது போதும்.

மென்பொருளுக்கு வருகிறேன். தமிழ் யூனிகோடைச் சரியாக அடுக்குவது என்பதே ஒரு வேலை. கொகரத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். ஃபைலில் அது ககரம், பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் இருக்கும். அதைப் புரிந்து அடுக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்டிசைன் சிஎஸ்6 2012இல் வந்தபோதுதான் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பத்தை முறையாகச் சேர்த்தார்கள். அப்போதும் அது தானாக வேலை செய்யாது, ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால்தான் விழிக்கும். இப்போதைய பதிப்புகளில் பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த ஃபைலும் திறக்காமல் இருக்கும்போது பிரிஃபரன்ஸஸில் அட்வான்ஸ்டு டைப் பகுதிக்குப் போய் அதையே வழக்கமாக வைத்துவிடுங்கள், இனித் தொடங்கும் ஃபைல்களில் தானே வரும். ‘இன்டிசைனில் தமிழ் உடைகிறது’ என்று எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தேர்வைச் செய்யாததால் வருபவை. வேறொருவரின் பழைய டெம்பிளேட்டை வாங்கிப் போட்டால் அதன் ஸ்டைல்களோடு பழைய கம்போசரும் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரி மடிப்புக்கு இனி கோடு போடாதீர்கள். தமிழ்ப் புத்தகங்களில் சொல்லை உடைத்தாலும் கோடு போடாத வழக்கம்தானே நமக்கு. இன்டிசைனில் ‘டிஸ்கிரிஷனரி லைன் பிரேக்’ என்று ஒன்று உண்டு. அதைச் சொல்லுக்குள் வைத்தால் வரி முடிவில் தேவைப்பட்டால் மட்டும் கோடில்லாமல் உடைக்கும், வரி மாறினால் தடமே தெரியாது. அடிக்குறிப்பு வரும் ஆய்வு நூல்கள் போடுகிறீர்கள் என்றால், பேஜ்மேக்கரில் ஒவ்வொரு குறிப்பையும் தனிப் பெட்டியில் வைத்து, ஒரு பத்தி சேர்ந்தால் முப்பது பெட்டியை நகர்த்திய கஷ்டம் உங்களுக்கே தெரியும். இங்கே அது தானாகவே நகரும்.

இலவசமாக வேண்டும் என்றால் ஸ்கிரைபஸ். 1.4 வரை தமிழுக்கு உதவாது. 2024 ஜனவரி 1 அன்று வந்த 1.6இல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தடுக்கு எந்திரம் இருக்கிறது, கொம்பு சரியான இடத்தில் நிற்கும். கவிதைத் தொகுப்பு, நாவல் போன்ற ஒற்றைப் பத்தி வேலைகளுக்கு நான் தயங்காமல் சொல்வேன். அட்டவணை நிறைந்த புத்தகம், 400 பக்க ஆய்வு நூல் என்றால் பொறுமை வேண்டும். அஃபினிட்டி பப்ளிஷர் இலவசமாகிவிட்டதே என்று கேட்பீர்கள். காசுக்கு விற்ற 1, 2 பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கு இந்த எழுத்தடுக்கு இல்லை. புதியதை நம்புவதற்கு முன் ‘கொடைக்கானல் ஸ்ரீ கௌரி க்ஷேத்திரம் போகும்’ என்று ஒரு வரி ஒட்டிப் பாருங்கள். எந்த மென்பொருளுக்கும் இந்த ஒரு வரிதான் என் பரீட்சை.

சந்தா விஷயம். 2013இலிருந்து அடோபி வழி இதுதான். சிஎஸ்6ஐ விற்பதையே 2017இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் ‘ஒருமுறை வாங்கினால் போதும்’ என்று யாராவது இன்று ஒரு டிவிடியை நீட்டினால் அது என்ன சரக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தாவில் ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டும் முறை ஒன்று உண்டு. பார்க்க மாத வாடகை போல இருக்கும், நடுவில் நிறுத்தினால் அபராதம் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள். வருஷத்துக்கு ஆகும் மொத்தத்தை நீங்கள் போடும் புத்தக எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வருஷம் பத்துப் பன்னிரண்டு புத்தகம் என்றால் ஒன்றுக்கு வரும் பங்கை ஒரு மெய்ப்புக் கூலியோடு ஒப்பிடுங்கள், தாங்கும். மூன்று நான்குதான் என்றால் ஸ்கிரைபஸோடு இருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எதில் போட்டாலும் புத்தகம் முடிந்த அன்றே அச்சுக்கான பிடிஎஃப் ஒன்றும், இன்டிசைன் என்றால் வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய ஐடிஎம்எல் வடிவ ஃபைல் ஒன்றும் எடுத்து வையுங்கள். சந்தா நின்ற பிறகு இன்டிசைன் ஃபைல் திறக்காது. ஐடிஎம்எல்லை ஸ்கிரைபஸ் ஓரளவு திறந்துகொடுக்கும்.

பழைய புத்தகங்களை ஏன் தொட வேண்டாம் என்றேன் என்றால், எழுத்துரு மாறினால் பக்கம் மாறும். யூனிகோடு எழுத்துருக்கள் பல, அதே புள்ளி அளவில் நம் பழைய எழுத்துருவைவிட அகலமாக இருக்கும். லீடிங்கை, அதாவது வரிக்கு வரி விடும் இடைவெளியை, தானியங்கியில் விட்டால் வரிகளுக்கு நடுவே மாட்டுவண்டி போகலாம். ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம் என்று பத்து ஃபாரத்தில் முடிந்த 160 பக்க டெம்மி அளவுப் புத்தகம், 172 ஆனால் பதினோராவது ஃபாரத்துக்குப் பேப்பரும் பிளேட்டும் வேண்டும், பொருளடக்கத்தின் பக்க எண்கள் எல்லாம் மாறும். அச்சுக்கான பிடிஎஃப் இருக்கும் புத்தகத்தை அந்தப் பிடிஎஃபிலிருந்தே மறுபதிப்பு செய்யலாம். திருத்தம் நிறைய இருந்தாலோ, மின்நூல் வேண்டும் என்றாலோ மட்டும் மாற்றுங்கள். அதனால் கணினி முழுதாகப் படுத்துக்கொள்வதற்கு முன் உங்கள் முதல் வேலை, 140 புத்தகத்துக்கும் எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் எடுப்பது. ஒரு நாளைக்கு ஐந்து என்றால் ஒரு மாதம்.

அதே மாதத்தில் புதுக் கணினியில் ஒரே ஒரு ஃபாரத்தை, பதினாறு பக்கத்தை, இன்டிசைன் ஒரு வாரம் இலவசமாகத் தரும் சோதனைக் காலத்தில் போட்டுப் பாருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போல அச்சிலும் மின்நூலிலும் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமம் உள்ள ஒன்றை எடுங்கள். லேசரில் அடித்துப் பழைய புத்தகத்தின் பக்கத்தில் வைத்து, புள்ளி அளவையும் லீடிங்கையும் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். என் கைக்கு 10.5 புள்ளியும் 15.5 லீடிங்கும் ஒத்துவந்தன, உங்கள் தாளுக்கும் அளவுக்கும் வேறாக வரலாம்.

ஆபரேட்டர் அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் அதைத்தான் படித்தேன். அவர் விரல்களை மாற்ற வேண்டாம். என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்ற தட்டச்சு மென்பொருள்களில் பழைய தட்டச்சு விசைப்பலகையிலேயே யூனிகோடு அடிக்கலாம், அவர் அடிக்கும் வேகம் அப்படியே இருக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: ரகர ஒற்றுக்கு ரகரத்தைத்தான் தட்ட வேண்டும், துணைக்காலில் புள்ளி வைக்கக் கூடாது. முதல் நாள் அவர் அடித்ததில் ‘அவர்’ என்று தேடிப் பாருங்கள். எத்தனை அடித்தாரோ அத்தனையும் கிடைத்தால் அடுத்த புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிடலாம்.